மழித்த கால்கள்

ஜூன் 3, செவ்வாய்

குளியலறையில் தண்ணீர் போகவில்லை. கம்பியை விட்டு இழுத்தால் ஒரு பிடி மயிர் வந்தது. என் முடி நீளம், இது குட்டை. இவருடைய தாடி பாதி நரைத்தது, இது கருகரு. இத்தனை வருடம் பியூட்டி பார்லர் நடத்துகிறவள் நான். மயிரைப் பார்த்தாலே உடம்பில் எந்த இடத்து மயிர் என்று சொல்லிவிடுவேன். இது கால் மயிர்.

வீட்டில் இருப்பது நாங்கள் இருவர்தான். மகள் மதுமிதா திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

சாயங்காலம் பெயின்ட் கடையிலிருந்து வந்தார். எப்போதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்காருகிறவர், இன்று கணுக்கால் வரை இறக்கிவிட்டிருந்தார். ஹேர்கிளிப்பைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து எடுத்தேன். கணுக்கால் வழவழ என்று இருந்தது.

தோசைக்கு மாவு அரைத்து வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 4, புதன்

கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, கால் மயிரெல்லாம் எங்க போச்சு?"

பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். "சைக்கிள் ஓட்டறவங்க எல்லாரும் எடுக்கறதுதான்."

"எதுக்கு?"

"எடுப்பாங்க சுகந்தி. அதுக்கெல்லாம் ஒரு காரணமா?"

தை மாதம் டாக்டர் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றதும் சைக்கிள் வாங்கினார். வடவள்ளியில் ஒரு குழு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பிச் சிறுவாணி ரோட்டில் போவார்கள். நான்தான் சேரச் சொன்னேன். அப்போது காலைச் சிரைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ரேசரால் செய்திருக்கிறார், பழக்கமில்லாத கை. முழங்காலுக்குக் கீழே ஆழமாக ஒரு வெட்டு, ரத்தம் உறைந்திருக்கிறது. "எரியலையா?" என்றேன். "என்னது?" என்றார். வெட்டுப்பட்டதே அவருக்குத் தெரியவில்லை. மனசு வேறெங்கோ இருக்கிறவருக்கு உடம்பில் நடப்பது எப்படித் தெரியும்?

ஜூன் 6, வெள்ளி

வைகாசி முகூர்த்தம். விடியற்காலையிலேயே மண்டபத்துக்குப் போய் மணப்பெண்ணுக்குத் தலை பின்னினோம். வேனில் திரும்பும்போது, கடையில் உதவிக்கு இருக்கிற பியூலாவிடம் பேச்சுவாக்கில், வேறு யாரோ ஒரு கஸ்டமர் வீட்டுக் கதை போலச் சொன்னேன்.

பியூலா ஜடை பில்லைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, எங்க சித்தி வீட்டுக்காரரு கூட திடீர்னு புருவம் எடுக்க ஆரம்பிச்சாரு. ஆறு மாசத்துல இன்னொரு குடும்பம் இருக்கறது தெரிஞ்சுது. பொம்பளைங்க கல்யாணத்துக்கு முன்னாடி அழகு பாப்போம். ஆம்பளைங்க கல்யாணத்துக்கு அப்புறம் பாத்தாங்கன்னா, அது நமக்காக இல்லக்கா."

யார் வீட்டுக் கதை என்று அவள் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 8, ஞாயிறு

சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தார். ஹெல்மெட், கண்ணாடி, ஷூ எல்லாவற்றையும் கழற்றினார். கிளவுஸை மட்டும் கழற்றவில்லை. விரல்நுனி மட்டும் வெளியே தெரிகிற, உள்ளங்கையில் மெத்தை வைத்த கறுப்பு கிளவுஸ். அதோடே உப்புமாவை ஸ்பூனில் சாப்பிட்டார். ஸ்பூனில் உப்புமா சாப்பிடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற மனிதர் இவர்.

"கையில என்ன, மருதாணியா?" என்றேன்.

"கொப்புளம். ஹேண்டில்பார் உரசுது."

காட்டச் சொன்னேன். கடைக்கு நேரமாகிவிட்டது என்றார். ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் கடை லீவு.

ஜூன் 10, செவ்வாய்

மறக்காமலிருக்க எழுதி வைக்கிறேன். வைகாசி பிறந்ததிலிருந்து இவர் படுப்பது ஹாலில். முதுகுக்குத் தரைதான் நல்லதாம். சாப்பிட்ட தட்டை அவரே கழுவி ஓரமாகக் கவிழ்த்து வைக்கிறார். துண்டை அவரே துவைத்துக் காயப்போடுகிறார். துணியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று நான் பார்த்துவிடக் கூடாது போலிருக்கிறது.

ஒரு மாதமாக இது நடந்திருக்கிறது. முகூர்த்த நெருக்கடியில் நான் கவனிக்கவே இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. கவனிக்கவில்லை என்பதில்லை, நேரமில்லை.

சிலிண்டர் வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

இவர் விடியலில் கிளம்பியதும், பேரூர்க் கோயிலுக்குப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். கோயிலைத் தாண்டிப் போய்விட்டேன். மாதம்பட்டி தாண்டி ஒரு டீக்கடையில்தான் அந்தக் குழு நிற்கும் என்று தெரியும்.

நின்றார்கள். பத்துப் பதினைந்து ஆண்கள் வரிசையாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு டீ குடித்தார்கள். முக்கால்வாசிக் கால்கள் என் பார்லரிலிருந்து எழுந்து போன மணப்பெண் கால்கள் போல மின்னின. நரைத்த மீசைக்காரர் ஒருவருக்கும் அப்படியே. எனக்குச் சிரிப்பும் வந்தது, நிம்மதியும் வந்தது.

மீசைக்காரர்தான் கனகராஜ் அண்ணன், குழுத்தலைவர். வயசுக்காலத்தில் மாநில அளவில் ரேஸ் ஓட்டியவர் என்று இவர் சொல்லியிருக்கிறார். "தனசேகர் வீட்டுக்காரிங்க நான்" என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வெட்கத்தை விட்டு நேராகவே கேட்டேன்.

"இதக் கேக்காத வீட்டுக்காரியே இல்லீங்கம்மா" என்று தன் முழங்காலைக் காட்டினார். பழைய தழும்பு, தார் ரோட்டின் நிறத்தில். "விழுந்தா தோல் சீவிட்டுப் போயிரும். அந்தப் புண்ணுல மயிர் இருந்தா மண்ணும் கல்லும் அதுல சிக்கிக்கும். கழுவ முடியாது, சீழ் பிடிக்கும். அப்புறம் பிளாஸ்திரிய உரிக்கறப்ப மயிரோட சேத்து உரியும் பாருங்க, விழுந்த வலியே தேவலைன்னு ஆயிரும். எண்ணெய் தேச்சு நீவி விடறதுக்கும் வழவழன்னு இருந்தாத்தான் கை ஓடும். காத்தக் கிழிச்சிட்டுப் போறதுக்குன்னு சிலபேரு சொல்லுவாங்க. அதெல்லாம் பெரிய ரேஸ்காரனுக்கு. இங்க பாதிப் பேரு செய்யறது மத்தவன் செஞ்சானேன்னுதானுங்க."

"கிளவுஸு?"

"விழறப்ப மனுசன் மொதல்ல எத நீட்டுவான்? கையத்தானே. உள்ளங்கை கிழிஞ்சா சாப்பிடக் கூட முடியாதுங்க. அப்புறம் இங்க ஒரு நரம்பு ஓடுது." உள்ளங்கையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "ரொம்ப நேரம் அழுந்துச்சுன்னா மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயிரும். அதுக்குத்தான் அந்த மெத்தை. உங்க வீட்டுக்காரரும் மரக்குதுன்னாரு. நான்தான் நல்ல கிளவுஸா வாங்கச் சொன்னேன்."

இவ்வளவுதானா என்று எழுந்தேன். இவர் எங்கே என்று சுற்றிப் பார்த்தேன்.

"அவரத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார் கனகராஜ் அண்ணன். "மூணு நாலு வாரமா ஆளே வர்றதில்லீங்களே. உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லீங்கண்ணா" என்றேன். டீ நன்றாக இருந்தது.

ஜூன் 16, திங்கள்

நேற்று வெயிலேறித் திரும்பி வந்தார். "எப்படிப் போச்சு?" என்று கேட்டேன்.

"நல்லாப் போச்சு. கனகராஜ் அண்ணன் ஒரே காமெடி."

"என்ன சொன்னாரு?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு ஜோக்கைச் சொன்னார். நானும் சிரித்தேன். இருபது வருடத்தில் இவர் என்னிடம் பொய் சொல்லிப் பார்த்ததில்லை. இவ்வளவு சரளமாக வரும் என்று நினைக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

மதுமிதா போன் செய்தாள். "ஏம்மா, செமஸ்டர் லீவுக்கு வர வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாரு? வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போறாராம். வாசம் எனக்கு ஒத்துக்காதாம்."

பெயின்ட் அடிக்கும் பேச்சே இந்த வீட்டில் இல்லை. பெற்ற பெண்ணையே வீட்டுக்கு வராதே என்று சொல்ல வைக்கிறவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள்?

"ஆமா கண்ணு, கொஞ்சம் பொறுத்து வா" என்றேன். நானும் ஏன் அவர் பொய்க்கு முட்டுக்கொடுத்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் பால் பொங்கியது. நான் ஓடுவதற்குள் இவர் குளியலறையிலிருந்து வந்து, வெறும் கையாலேயே பாத்திரத்தைப் பிடித்து இறக்கி வைத்தார். இறக்கியதும் விடவில்லை. விளிம்பைப் பிடித்தபடியே, மதியம் என்ன குழம்பு என்று கேட்டார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சதை கருகும் வாசம் எனக்கு வந்தது. அவருக்கு வரவில்லை.

"ஐயோ, கைய எடுங்க!" என்று கத்திய பிறகுதான் எடுத்தார். விரலில் கொப்புளம் எழும்பியது. அதை யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு, கொஞ்சம் தாமதமாக, "ஸ்ஸ்" என்றார்.

அது நடிப்பு. ஏன் வலியை நடிக்க வேண்டும்?

கனகராஜ் அண்ணன் சொன்ன நரம்புதான். அதிகம் ஓட்டினால் மரக்கும். ஆனால் இவர் குழுவோடு ஓட்டுவதே இல்லையே. வேறெங்கோ, வெகுதூரம் தினமும் போகிறார்.

மருந்து தடவ வந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீ தொட வேண்டாம்" என்றார். எழுதும்போதும் கேட்கிறது. நீ தொட வேண்டாம்.

ஜூன் 23, திங்கள்

கழிவறையில் சரியாகத் தண்ணீர் ஊற்றாமல் வந்திருக்கிறார். சிவப்பு. கேட்டால் பீட்ரூட் என்கிறார். எங்கள் வீட்டில் பீட்ரூட் வாங்கி எத்தனையோ நாளாயிற்று. அப்படியானால் யார் சமைத்துப் போட்டது?

ஜூன் 26, வியாழன்

பியூலாவிடம் கடையை விட்டுவிட்டு, பெயின்ட் கடைக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் உட்கார்ந்தேன். பகல் ஏறுவதற்கு முன்பே கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பைக்கில் கிளம்பினார். காந்திபுரம் வழியாக, சிங்காநல்லூரைத் தாண்டி, சூலூர்ப் பக்கம். என் ஸ்கூட்டி பின்னாலேயே போனது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குற்றம் செய்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஊரைத் தாண்டி ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். வேப்ப மரத்துக்குக் கீழே பைக்கை நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் இருக்கிற வராந்தாவுக்குப் போனார். காம்பவுண்டுக்கு வெளியே இளநீர்க்காரனிடம் நின்று பார்த்தேன்.

ஒரு பெண் வந்தாள். என்னைவிடச் சின்னவள், மாநிறம், நெற்றியில் விபூதி. இவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இவர் கிளவுஸைக் கழற்றினார். என்னிடம் காட்டாத கையை அவள் மடியில் விரித்திருந்த துண்டின்மேல் வைத்தார். அவள் எண்ணெய் ஊற்றி, கொப்புளம் இருந்த விரலை விட்டு, ஒவ்வொரு விரலாக நீவினாள். சுண்டு விரலை நீட்டி, மடக்கி, நீட்டி. இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவள் ஏதோ சொன்னதற்குச் சிரித்தார். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதக்கணக்காகிறது.

இளநீர்க்காரன், "அக்கா, வழுக்கை வேணுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

ஜூன் 27, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 30, திங்கள்

அவளைப் பார்த்துவிடுவதென்று தனியாகப் போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டேன். என்ன கேட்பதென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வராந்தாவில் அவள் ஒரு கிழவரின் பாதத்தைத் தண்ணீர் வாளியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பாதத்தில் விரல்கள் பாதிதான் இருந்தன. நான் படியருகிலேயே நின்றேன்.

"உக்காருங்க, வந்துர்றேன்" என்றாள். எல்லோரும் அவளை மல்லிகா சிஸ்டர் என்றார்கள்.

"என்ற வீட்டுக்காரரு தனசேகர். இங்க வர்றாருங்களா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தாள். "யாரு வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு நான் சொல்லக் கூடாதுங்கம்மா. அவருகிட்டயே கேளுங்க. கோவமா கேக்காதீங்க."

அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. வெளுத்த, உணர்ச்சியில்லாத தேமல். அதன்மேல் முடி வளராது, வியர்க்காது. பக்கத்தில் ஒரு கை, மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கி. ஆரம்பத்திலேயே வந்தால் முழுதாகக் குணமாகும், மருந்து இலவசம் என்று கீழே எழுதியிருந்தது. மேலே நோயின் பெயர் பெரிய எழுத்தில்.

இவர் காலில் அப்படி ஒரு தேமல் போன வருடமே இருந்தது. நானே பார்த்தேன். என் கடையிலிருந்து ஒரு க்ரீமும் கொடுத்தேன்.

எப்படி ஸ்கூட்டி ஓட்டி வந்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

விளக்கு வைத்த பிறகு கேட்டேன். "சூலூர்ப் பக்கம் போயிருந்தேனுங்க."

டிவியை அணைத்தார். மெதுவாகக் கிளவுஸைக் கழற்றித் தரையில் வைத்தார். சுண்டு விரல் லேசாக மடங்கியிருந்தது. அவ்வளவுதான். இதற்குத்தானா இத்தனை மறைப்பு என்று தோன்றுமளவுக்குக் கொஞ்சம்.

"சித்திரையில ஒருநாள் கெம்பனூர் வளைவுல விழுந்தேன். தோல் வழண்டுபோச்சு. கனகராஜ் அண்ணன் மயிரச் சிரைச்சு, ஸ்பிரிட் ஊத்திக் கழுவினாரு. அதுக்கு எல்லாரும் கத்துவாங்க. நான் கத்தல. 'தனசேகரு, நீ இரும்புய்யா'ன்னாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு சுகந்தி. விரல் மரத்தப்பவும் ஹேண்டில்பார்னுதான் நெனச்சேன். எல்லாத்துக்கும் சைக்கிள்ல ஒரு காரணம் இருந்துச்சு."

"அப்புறம்?"

"சிரைச்ச காலுல முள்ளு முள்ளா மயிர் மொளைச்சுது. தேமல் எடத்துல மட்டும் மொளைக்கல. வட்டமா, மொட்டையா நின்னுச்சு. குழுவுல யாராச்சும் பாத்துருவாங்கன்னு ஞாயித்துக்கெழமை தனியாவே ஓட்டினேன். டாக்டர் பஞ்சால தொட்டாங்க. கண்ண மூடிட்டு, தொட்டா சொல்லுங்கன்னாங்க. நான் சொல்லவே இல்ல."

அந்த வட்டம் தனியாகத் தெரியாமலிருக்கத்தான் இரண்டு காலையும் விடாமல் சிரைத்திருக்கிறார். மயிர்த் தொழில் செய்கிற பெண்டாட்டி வீட்டில் இருக்கிறாளே.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்ற கடைக்கு ஒருத்தி வருவாளா? தோலத் தொடற தொழிலு. என்ற வாயால சொல்லி அத மூடச் சொல்றியா?"

"நான் வேற பொம்பளைன்னு நெனச்சேன்."

"தெரியும்" என்றார். "நீ அப்படியே நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். அது கொஞ்சம் கௌரவமா இருந்துச்சு."

அப்போதுதான் அடித்தேன். தோளில், என் கையாலேயே, இரண்டு மூன்று தடவை. அவர் தடுக்கவில்லை. அழுதது யார் முதலில் என்று நினைவில்லை.

பிறகு போய்க் கையைக் கழுவினேன். வெங்காயம் நறுக்கிய கை.

ஜூலை 2, புதன்

பியூலாவிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று உடம்பு முழுக்கப் பார்த்தேன். முதுகு தெரியவில்லை. கடையிலிருக்கிற கைக்கண்ணாடி இங்கே இல்லை. தேமல் ஒன்றும் இல்லை. முழங்கையில் ஓரிடம் வெளுப்பாக இருக்கிறதோ என்று ஊசியால் குத்திப் பார்த்தேன். வலித்தது. வலித்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அவருக்குப் புது டம்ளர் எடுத்து வைத்தேன். பழையது நசுங்கியிருந்தது.

ஜூலை 4, வெள்ளி

கடைக்குப் போனேன். தண்ணீரில் நனைந்த கைகளையும், கழுத்தையும், முகங்களையும் பகலெல்லாம் தொட்டேன். ஒவ்வொருவரும் என்னையே உற்றுப் பார்ப்பதாகத் தோன்றியது. பியூலா இரண்டு தடவை, "அக்கா, உடம்பு சரியாப் போச்சா?" என்றாள். முதல் தடவை விசாரிப்பு. இரண்டாம் தடவை எதற்கு?

ஜூலை 7, திங்கள்

இரண்டு பேரும் சேர்ந்து போனோம். டாக்டர் சின்னப் பெண், மதுவைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். என் தோலையும் நரம்பையும் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றாள். வீட்டிலிருப்பவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்து அங்கேயே விழுங்க வைத்தாள். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீங்க என்றாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இது யாருகிட்ட இருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டேன். எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"மருந்து சாப்பிடாத யாரோ இருமினதுல வந்திருக்கும். எத்தனையோ வருசம் சத்தமில்லாம உடம்புல கெடக்கும். ஆளக் கண்டுபிடிக்க முடியாதும்மா" என்றாள். "சார் மருந்து ஆரம்பிச்சுட்டாரு, இனி அவர்கிட்ட இருந்து பரவாது. தனித் தட்டு, தனிப் படுக்கையெல்லாம் வேண்டாம்னு மொதல் நாளே சொன்னேன். கேக்கலையா?"

இவர் தரையைப் பார்த்தார். நானும்தான்.

விரல் சரியாகுமா என்றதற்கு, தினமும் பயிற்சி செய்தால் நிறையச் சரியாகும் என்றாள். தேமலில் உணர்ச்சி திரும்புமா என்பதற்கு உறுதி சொல்லவில்லை. மகளையும் கூட்டிவந்து காட்டச் சொன்னாள்.

ஜூலை 8, செவ்வாய்

ஹாலிலிருந்து பாயைச் சுருட்டிப் பரணில் போட்டேன். "முதுகுக்குத் தரைதான் நல்லது" என்றார். "மெத்தையும் நல்லதுதான், வாங்க" என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

மது வெள்ளிக்கிழமை வந்தாள். நேற்றே டாக்டரிடம் காட்டினோம், ஒன்றும் இல்லை. அப்பா சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "இதுக்கா பெயின்ட் கதை விட்டீங்க?" என்றாள். பிறகு குளியலறையில் ரொம்ப நேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

இவர் விரல்களை ஊறவைக்கப் புதுத் தொட்டி ஒன்று வாங்கினேன். கடையில் வேண்டியமட்டும் தொட்டி இருக்கிறது. அதெல்லாம் கஸ்டமர்களுக்கு. வேறு காரணம் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி மாதம், கடையில் ஈ ஓட்டுகிறேன். பியூலா லீவு. வீட்டில் காலையிலிருந்து கரண்ட் இல்லை, தண்ணீரும் ஏறவில்லை. பயிற்சியை விட வேண்டாமென்று இவரைக் கடைக்கே வரச் சொன்னேன். கஸ்டமர் நாற்காலியில் உட்கார வைத்து, கடைத் தொட்டியிலேயே வெதுவெதுப்பாகத் தண்ணீர் பிடித்தேன். சூடு அவருக்குத் தெரியாது. என் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் அவர் கையை விட்டேன். துடைத்து, எண்ணெய் தடவி, கட்டை விரலிலிருந்து தொடங்கினேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஈஸ்வரி அம்மா வந்தார். ஆவணியில் அவர் மகள் கல்யாணம், அலங்காரம் முழுக்க எங்களிடம்தான் சொல்லியிருக்கிறார். ஜாக்கெட் நிறத்தைக் காட்ட வந்தவர், நாங்கள் இருக்கிற கோலத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"வீட்டுக்காரருக்கே சேவகமா? கைக்கு என்னாச்சுங்க?"

"சைக்கிள் ஓட்டறாருங்க" என்றேன். "ஹேண்டில்பார்ல அழுந்தி நரம்பு மரத்துப்போச்சு. எல்லாருக்கும் வர்றதுதானாம்." தயாராக இருந்தது போல வந்தது.

"தொழுநோய்ங்க" என்றார் இவர்.

ஈஸ்வரி அம்மா கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"மாத்திரை சாப்பிடறேனுங்க. இனி ஒட்டாது. இவளையும் பாத்துட்டாங்க, இவளுக்கு ஒண்ணுமில்ல" என்றார். தொட்டியைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "பின்னால வேற யாரோ சொல்லித் தெரியறதுக்கு நானே சொல்லிர்றேனுங்க."

ஈஸ்வரி அம்மா என்னைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார். "அப்படீங்களா" என்றார். "பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்று ஜாக்கெட் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் படியிலேயே நிற்பது தெரிந்தது. போனை எடுத்தாரா, செருப்பைத்தான் மாட்டினாரா என்று பார்க்கலாம். அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"போச்சு" என்றார் இவர். "உன்ற கடையக் கெடுத்துட்டேன்."

"கைய ஆட்டாதீங்க" என்றேன். சுண்டு விரல் இன்னும் பாக்கி இருந்தது.